கடலோரப் பிள்ளைகளின் மொபைல் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு விடுமுறை நாட்களில் உட்கார்ந்து, அவர்கள் ஊர்க் கதையை மொபைலிலேயே எடுத்து முடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைகளும் பெற்றவர்களும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் உண்டு. சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

டிஜிட்டல் கதை என்கிறீர்களே, ரீல்ஸ்தானே அது?

இல்லை. 1990-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பக்கம் டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் போன்றவர்கள் நடத்திய பயிலரங்குகளில் உருவான வடிவம் இது. ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தன் குரலிலேயே சொல்வார். வீட்டிலிருக்கும் போட்டோ, கொஞ்சம் வீடியோ சேர்த்து இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் முடிப்பார். படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, குரல் அவருடையதாக இருக்க வேண்டும்.

அங்கே தன் கதையைத் தானே சொன்னார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் அடுத்தவர் கதையைக் கேட்டு எடுக்கிறார்கள். ஆச்சி பார்த்த புயல், அப்பாவின் படகு, பக்கத்து வீட்டு அக்கா எடுக்கும் கடல்பாசி. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

நானும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் சித்தி பாசி எடுக்கும் கதையை எடுத்தாள். "எடுத்துக்கோ தாயி, எனக்கென்ன" என்று சித்தி சொல்லிவிட்டார். கைநாட்டும் வைத்தார். விரல்களில் துணி சுற்றிக்கொள்வது, கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைப்பது, தண்ணீருக்குள் மூச்சடக்கிப் போவது என்று எல்லாமே நன்றாக வந்திருந்தது. கடலுக்குப் போன கணவர் திரும்பாததைச் சொல்லி அழும் இடமும் இருந்தது.

வெட்டி ஒட்டி முடித்ததும், மொபைலை வேப்பமரத்தடியில் ஒரு செம்பில் சாய்த்து வைத்து அவருக்குப் போட்டுக் காட்டினோம். அழுகிற இடத்தைப் பார்த்து என்ன சொல்வாரோ என்று எனக்குப் பதைப்பு. ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் பாசிக்கு எவ்வளவு காசு கிடைத்தது என்று போகிற போக்கில் சொன்ன இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். "அத மட்டும் எடுத்துரு. கடன் குடுத்தவன் பாத்தான்னா, இவ்வளவு வந்துச்சே, எனக்கு எங்கன்னு வந்து நிப்பான்."

எட்டு வினாடிதான் இருக்கும். அந்த எட்டு வினாடி ஆபத்தானது என்று எனக்கும் தோன்றவில்லை, எடுத்த பிள்ளைக்கும் தோன்றவில்லை. கைநாட்டு வைத்தபோது அவருக்கே தெரியாது; அப்போது படமே இல்லையே! எதற்குச் சம்மதிக்கிறோம் என்று பார்க்காமல் கொடுப்பது சம்மதமா?

அதிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான்: எடுக்கும் முன் ஒருமுறை கேட்பது, முடித்ததைக் காட்டிவிட்டு மறுபடி கேட்பது. பள்ளி விழாவில் போடச் சம்மதித்தவர் யூடியூபுக்கும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடம் மாறினால் மறுபடி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிட வேண்டும்.

படத்தில் வருபவர் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றவர் சம்மதமும் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கணக்கிடுகிறது. கடிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழில், பெரிய எழுத்தில், அரைப்பக்கத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் அச்சடித்து ஆச்சியிடம் நீட்டுவது எழுதிக்கொடுத்த ஆசிரியரைக் காப்பாற்றலாம், ஆச்சியைக் காப்பாற்றாது.

தீவுப் பக்கம் பாசி எடுப்பதை, கடல் அட்டை பிடிப்பதைப் படம் எடுக்கலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன்பிருந்தே பாட்டி, அம்மா, மகள் என்று அந்தப் பக்கம் பாசி எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. இந்தப் பெண்களுக்காகப் பேசிய சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது. அவர் தானே முன்வந்து பேசினார். கேமராவைப் பார்த்து வெட்கத்தோடு சிரிக்கிற பக்கத்து வீட்டு அக்காவின் நிலை அப்படியில்லை. எந்தத் தீவு, எந்த நாள் என்று படத்தில் தெரிந்துவிட்டால் அது அவருக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கும்.

கடல் அட்டை இன்னும் கடுமை. 2001 முதல் பிடிக்கவே தடை. கடல்பசுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. குற்றத்தை மறைக்கச் சொல்கிறேன் என்று சிலர் கோபப்படுவார்கள். அட்டை கடத்துவது தெரிந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள், அது வேறு வேலை. "ஸ்கூல் புராஜெக்ட் மாமா" என்று சொல்லி உள்ளே போய் எடுத்துவந்து வெளியிடுவது ஏமாற்று. மாமாவை ஏமாற்றப் பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

அப்பா எல்லை தாண்டிப் போய் இலங்கையில் பிடிபட்ட கதையைச் சொல்லலாமா?

ராமேசுவரத்துப் பிள்ளை சொல்லாமல் வேறு யார் சொல்வார்? ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து சொல்வது என்று யோசியுங்கள். முதல் முறை பிடிபட்டவரை எச்சரித்து விட்டுவிடுவதும், மறுமுறை பிடிபட்டவருக்குச் சிறைத் தண்டனை கொடுப்பதும் இலங்கை நீதிமன்றங்களில் நடந்திருக்கிறது. "இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு தடவை போயிருக்கேன்" என்று அப்பா சாவகாசமாகச் சொல்லும் ஒரு வரி, அவர் குரலிலேயே இணையத்தில் கிடந்தால் என்ன ஆகும்? படகின் பதிவு எண் தெரிந்தால் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியும் மாட்டுவார்.

ஒரு பையன் இதை அழகாகச் சமாளித்தான். கடலையே காட்டவில்லை. அப்பா வராத அந்த நாட்களில் வீட்டில் நடந்ததை மட்டும் சொன்னான். அம்மா சோறு வடித்துவிட்டு யாரும் சாப்பிடாமல் தண்ணீர் ஊற்றி வைத்தது, போன் அடித்தால் யார் எடுப்பது என்று எல்லாரும் தயங்கியது. எல்லை எங்கே இருக்கிறது என்ற பேச்சே அதில் வரவில்லை.

முகத்தை மங்கலாக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மதுரைக்காரருக்குத் தெரியாது. ஊர்க்காரருக்கு நடை தெரியும், குரல் தெரியும், கொடியில் காயும் சேலை தெரியும், வாசலில் படுத்திருக்கும் நாயையும் தெரியும். நம் ஊர்களில் ஒருவருக்குச் சங்கடம் வருவதும் பெரும்பாலும் ஊருக்குள்ளிருந்துதான். அடையாளம் மறைக்கத்தான் வேண்டும் என்றால், அவர் சொன்னதை வேறொருவர் குரலில் பேசவைத்து, கைகள், வலை, அலை மட்டும் காட்டுங்கள்.

போட்டோவில் இடம் பதிவாகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கேமராவில் இருப்பிடம் இயக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு போட்டோவுக்குள்ளும் எடுத்த இடம், நாள், நேரம் எல்லாம் உட்கார்ந்திருக்கும். போட்டோவைத் திறந்து விவரங்கள் பகுதியைப் பாருங்கள், வரைபடமே வரும். வாட்ஸாப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். படம் தெளிவு குறையக் கூடாது என்று டாக்குமென்டாக அனுப்புகிறோமே, அப்போது அப்படியே கூடவே போகும். போட்டிகளுக்குப் பிள்ளைகள் அனுப்புவது பெரும்பாலும் அப்படித்தான். எடுக்கும் முன்பே கேமரா அமைப்பில் போய் இருப்பிடத்தை அணைத்துவிடுவது நல்லது.

இதில் நான் பட்ட பாடும் ஒன்று உண்டு. இன்னும் முடிக்காத ஒரு படத்திலிருந்து முப்பது வினாடியை ஆசையாக வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். ஓரத்தில் ஒரு படகு, அதன் எண் பளிச்சென்று. அது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத 61 நாள். படம் எடுத்தது அதற்கு முந்தின மாதம். ஆனால் ஸ்டேட்டஸில் தேதியா இருக்கிறது? மறுநாள் காலை படகுக்காரர் வீட்டு வாசலில் நின்றார். "சார், என் போட்டு கடல்ல கிடக்குற மாதிரி போட்டிருக்கீங்களாமே." டீ கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, அவர் எதிரிலேயே அழித்தேன். அதற்குள் பார்த்தவர்களை என்ன செய்ய?

தனுஷ்கோடியைப் பற்றி எல்லாரும் எடுத்துவிட்டார்களே. நாங்களும் எடுக்கலாமா?

எடுங்கள். ஆனால் இணையத்தில் கிடைப்பதை அப்படியே அள்ளாதீர்கள். தகவலைச் சரிபார்க்கப் பழக இதைவிட நல்ல பாடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் அலையில் போனது. ரயிலில் இருந்தவர் யாரும் பிழைக்கவில்லை. இதை எடுக்க வரும் பிள்ளைகளில் பாதிப்பேர், ரயில் பாம்பன் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதே புயலில் பாலமும் சேதமானது, ரயில்வே பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். இரண்டு சம்பவமும் ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒரு பொய் பிறந்திருக்கிறது.

இறந்தவர் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறும். ரயிலில் 115 பேர் என்று ஒரு கணக்கு, டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200-ஐத் தாண்டும் என்று இன்னொன்று. பிள்ளை இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளும், அதுதான் கேட்க அதிர்ச்சியாக இருக்கிறது! "இப்படியும் சொல்கிறார்கள், அப்படியும் சொல்கிறார்கள்" என்று குரலில் சொல்லிவிட்டால் கதை ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம் அந்தப் 'பேய் நகரம்' என்ற தலைப்பு. இடிந்த தேவாலயத்தைக் காட்டி, பின்னால் ஊளைச் சத்தம் போட்டு எத்தனை வீடியோ! அங்கே இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. அந்தக் குடிசைப் பிள்ளையின் வீட்டு முகவரியைப் பேய் நகரம் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? கேமராவை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், யாரும் எடுக்காத கதை அங்கே இருக்கிறது.

புயல் காட்சிக்குப் படம் இல்லை. ஏஐ-யில் செய்துகொள்ளலாமா?

ஒரு பையன் செய்து கொண்டுவந்தான். அலை, இருட்டு, கவிழும் ரயில் எல்லாம் தத்ரூபம். ஓரத்தில் பார்த்தால் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் தூக்குக் கோபுரம் மாதிரி ஒன்று நிற்கிறது. 1964-இல்! வகுப்பே சிரித்தது. ஆனால் கோபுரம் இல்லாமல் வந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டோம், நம்பியிருப்போம். எனக்கு உறுத்துவது அதுதான். அந்தப் படத்தை இன்னொரு பிள்ளை எடுத்துத் தன் கதையில் போடும், மூன்றாவது கையில் அது 'அரிய புகைப்படம்' ஆகிவிடும்.

என்னைக் கேட்டால், நடந்த துயரத்துக்கு ஏஐ படம் வேண்டாம். ஆச்சியின் குரல் ஓடும்போது திரையில் ஒரு பென்சில் ஓவியம் இருக்கட்டும், அல்லது கறுப்பாகவே இருக்கட்டும். கட்டாயம் வேண்டுமென்றால் 'இது ஏஐ வரைந்தது' என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. இறந்துபோனவரின் குரலை ஏஐ-யில் பேசவைப்பது மட்டும் எந்தக் குறிப்போடும் கூடாது.

இணையத்தில் கிடைத்த பழைய போட்டோ என்றால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். வேறெங்கோ அடித்த சூறாவளியின் படம் நம்மூர்ப் புயலாகச் சுற்றுவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடக்கிறது.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடலாமா?

வகுப்புக்குள் போட்டுப் பார்ப்பதில் பெரிய சிக்கல் இல்லை. இணையத்தில் ஏற்றினால் உரிமைக்காரர் கேட்பார், யூடியூபே சத்தத்தை அணைத்துவிடலாம். எதற்கு வம்பு? மீன் ஏலக்கூடச் சத்தம், பாய்மரத் துணி படபடப்பது, கச்சான் காற்று ஓலையில் உரசுவது. இதையெல்லாம் விட்டுவிட்டா வேறு பாட்டைத் தேடுவது?

அம்பாப் பாட்டு வேறு விஷயம். கரைவலை இழுக்கும்போது பாடும் பாட்டு, எழுதியவர் பெயர் கிடையாது. அதனால் யாருக்கும் சொந்தமில்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாடிய தாத்தா இருக்கிறாரே! பாடியவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. அவரைக் கேளுங்கள், பெயரைப் போடட்டுமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் போடத்தான் சொல்வார்கள், ஊர்ப் பெயரையும் சேர்த்து.

ஏர்வாடி தர்காவில் மனநலம் சரியில்லாதவர்களை எடுத்து விழிப்புணர்வுப் படம் செய்யலாமா?

எடுக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே தலையிட்ட விஷயம் அது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அழைத்து வந்திருக்கும் அண்ணன் சரி என்று சொன்னால் அது அவருடைய சம்மதம் ஆகாது. அந்த ஊரைப் பற்றிப் படம் வேண்டுமென்றால், அன்று தீயணைக்க ஓடிய பெரியவர்களைத் தேடிக் கேளுங்கள்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் தோழியின் கதை?

அவளே சொல்ல வேண்டும், அவள் வீட்டில் ஒத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள் இன்னும் இலங்கையில் இருப்பார்கள். வந்த வழி, படகு, அங்கே இருப்பவர்களின் ஊர்ப் பெயர் ஆகிய மூன்றும் படத்தில் வேண்டாம்.

அக்னி தீர்த்தத்தில் குளிப்பவர்களை?

வேண்டாம். ஈரத் துணியோடு நிற்பவரையும், தர்ப்பணம் கொடுத்து அழுபவரையும் யாரும் எடுக்கக் கூடாது.

ட்ரோன்?

உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று அரசு காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு என்று காட்டும் இடத்தில் பொம்மை அளவு ட்ரோனுக்கும் முன் அனுமதி வேண்டும். பிள்ளைகளுக்கு ட்ரோன் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். மேலிருந்து பார்த்தால் மனிதர்கள் எறும்பாகிவிடுகிறார்கள்.

பேட்டியை வெட்டும்போது எவ்வளவு வெட்டலாம்? பேச்சைத் திருத்தலாமா?

நாட்டுப்படகு அண்ணன் ஒருவர் சொன்னார்: "ட்ராலர் வந்து எல்லாத்தையும் வாரிட்டுப் போயிருச்சு. நாங்களும்தான் கூலிக்கு அதுல போனோம்." இரண்டாவது வரியை வெட்டினால் ஆவேசமான ஒரு படம் கிடைக்கும். பிள்ளை வெட்டித்தான் கொண்டுவந்தாள். 'நேரம் இல்லை சார்' என்றாள். அந்த வரி மூன்று வினாடிகூட இல்லை. போட்டுக் காட்டியபோது அண்ணனே கேட்டார், "நான் இன்னொண்ணும் சொன்னேனே, தங்கச்சி?" சேர்த்தாள். இப்போது அந்தப் படத்தில் மறக்க முடியாத வரி அதுதான்.

பேச்சு அப்படியே இருக்கட்டும். கீழே எழுத்துப் போட்டால் அதிலும் அவர் சொன்ன சொல்லே வரட்டும். "பாத்துக்கிட்டு இருக்கயில" என்பதைப் "பார்த்துக்கொண்டிருந்தபோது" என்று திருத்தினால், அவர் பேசியது தப்பு என்று ஊர் முன்னால் சொன்ன மாதிரி. கீழக்கரைப் பிள்ளை வாப்பா, உம்மா என்று சொன்னால் அதை அப்பா, அம்மா ஆக்குவதும் அப்படித்தான்.

பிள்ளை தன் சொந்தத் துயரத்தைச் சொன்னால் பரிசு கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்கும், அதனால்தான் பயமாக இருக்கிறது. தகப்பனைக் கடலில் இழந்த பிள்ளையிடம் "அந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லு" என்று ஆசிரியரே தூண்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சைப் பிள்ளையே தானாக எடுத்தால் சரி. பதினான்கு வயதில் சொன்னது பத்தொன்பதில் கல்லூரித் தோழர்கள் கண்ணில் படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கதை சொல்லும் சாக்கில் ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லிவிட்டால், அந்த நிமிடமே பதிவை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு அது கதையில்லை. காவல்துறைக்குத் தெரிவிப்பது, பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி உங்கள் கடமை, மறைத்தால் குற்றம்; குழந்தைகள் உதவி எண் 1098-இலும் சொல்லலாம். பிள்ளையின் பெயர், முகம், பள்ளி, தெரு எதுவும் வெளியே வரக் கூடாது.

முடித்த படங்களை எங்கே வைப்பது?

யூடியூபில் கணக்குத் தொடங்கவே 13 வயது வேண்டும். பிள்ளை பெயரில் வேண்டாம், பள்ளிக் கணக்கில், இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைத்து, கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள். யாராவது படத்தைத் திருடி அசிங்கமாக மாற்றிப் போட்டால் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மூலப் பதிவுகளை வருடம் முடிந்ததும் அழித்துவிடுகிறோம், படத்தில் இருப்பவர் கேட்டால் ஒரு பிரதி கொடுத்துவிட்டு.

அந்தப் பாசி எடுக்கும் சித்தியின் படத்தை எங்கே பார்க்கலாம்?

பார்க்க முடியாது. எட்டு வினாடியை எடுத்துவிட்டு மறுபடி காட்டினோம். பள்ளிக்கூடத்தில் போடச் சம்மதித்தார், அங்கே ஒருமுறை போட்டோம். வெளியே வேண்டாம் என்றார். ஒரு பிரதி அவர் மகள் போனில் இருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சித்தியே எடுத்துப் போட்டுக் காட்டுகிறாராம்.